ஆர்வி படுக்கைக்கு மாற்று மெத்தை: 60க்கு 74 அங்குலப் பலகையில் ஒரு முழு வேலை

ஆர்வியோடு, அதாவது படுக்கையும் சமையலறையும் வைத்த பயண வண்டியோடு, வரும் மெத்தை பெரும்பாலும் நாலைந்து அங்குல உயரம்தான் இருக்கும். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள், இல்லையென்றால் மலிவான ஃபோம். அடியில் வெறும் பிளைவுட். சில வாரம் தொடர்ந்து படுத்தால் இடுப்பெலும்பு பலகையைத் தொட்டுவிடும். சரி, மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போய் வீட்டுக்கு வாங்குவதுபோல ஒரு குயீன் மெத்தையை வாங்கி வந்தால், அது கால்மாட்டில் ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டு நடைவழியை அடைக்கும். அல்லது கட்டில் மூடியைத் தூக்க முடியாது. அல்லது முதல் குளிர்காலம் முடிவதற்குள் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். ஆர்வியில் நீளம், உயரம், எடை, ஈரம் நான்கையும் பார்த்துவிட்டுத்தான் சொகுசுக்கு வர வேண்டும்.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் ஓடும் 26 அடி டிராவல் டிரெய்லர், அதாவது இன்னொரு வண்டி பின்னால் இழுத்துச் செல்லும் ஆர்வி. முன்பக்கப் படுக்கையறை. இருபுறமும் நடக்க வழி விட்ட கட்டில், கால்மாட்டின் இரண்டு மூலையும் வளைவாக வெட்டப்பட்டவை. கட்டில் பலகைதான் மூடி. தலைமாட்டில் கீல், இரண்டு பக்கமும் கேஸ் ஸ்ட்ரட், அதாவது மூடியைத் தூக்கிப் பிடிக்கும் வாயு அடைத்த குழாய். கீழே சாமான் அறை, அதற்கு வெளியிலிருந்து திறக்கும் கதவுகள். படுப்பவர்கள் இருவர்: ஒருவர் 130 பவுண்டு, ஒருக்களித்துப் படுப்பவர். மற்றவர் 200 பவுண்டு, மல்லாந்து படுப்பவர்.

முதலில் பழைய மெத்தையின் அடிப்பாகம்

பழைய மெத்தையைத் தூக்கி எறிவதற்கு முன் புரட்டிப் போட்டுப் பாருங்கள். நோய் என்னவென்று அங்கே எழுதியிருக்கும். இதில் தோளும் இடுப்பும் வரும் இடத்துக்கு நேர் கீழே, துணியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். ஓரத்தில் ஒரு கையகலத்துக்கு மட்டும் சுத்தமாக இருந்தது. அங்கே காற்று புகுந்து வெளியேறுகிறது, நடுவில் இல்லை. ஜன்னலிலோ கூரையிலோ ஒழுகியிருந்தால் கறை ஓரத்திலிருந்து உள்ளே பரவியிருக்கும். உடம்பின் வடிவத்தில் நடுவில் இருப்பதால் இது படுப்பவர்களின் வியர்வையும் மூச்சும் குளிர்ந்து நீரானது. மெத்தையை மட்டும் மாற்றினால் புதியதற்கும் இதே கதிதான்.

அடுத்து பலகை. ஆறடி ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து, நடுவில் ஒருவரை மண்டியிடச் சொல்லி, பலகை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். இரண்டு நூல் வரை பரவாயில்லை (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). இங்கே ஐந்து நூல் இறங்கியது. மூன்று நூல் பிளைவுட்டுக்கு நடுவில் ஒரே ஒரு தாங்கு கட்டை இருந்ததுதான் காரணம். மெத்தை குழிவதாக நினைத்ததில் பாதி பலகை குழிந்தது. மூடியின் அடியில் ஒன்றுக்கு இரண்டு அங்குலப் பைன் சட்டங்கள் இரண்டை, அகலப் பக்கம் நிற்கும்படி வைத்து, மரப்பசை தடவி, மேலிருந்து ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூக்களை ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக முடுக்கியதும் இறக்கம் இரண்டு நூலுக்குள் வந்தது. ஸ்க்ரூத் தலை பலகைக்குள் புதைய வேண்டும், துருத்தினால் உறையைக் கிழிக்கும். மூடியை இறக்கும்போது சட்டம் சாமான் அறையின் சுவரிலோ தண்ணீர்க் குழாயிலோ இடிக்கிறதா என்பதைப் பசை தடவுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பூஞ்சை பிடித்த பலகையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, மின்விசிறி வைத்து இரண்டு நாள் காயவிட்டாகிவிட்டது. சுத்தியல் பிடியால் தட்டிப் பார்க்கும்போது எங்காவது பொத்தென்று சத்தம் வந்தால் அங்கே பிளைவுட்டின் அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள். அந்தப் பலகையை மாற்றித்தான் ஆக வேண்டும். ஈரம் வற்றாத பலகைக்கு மேல் பெயின்ட் அடிப்பது பூஞ்சைக்குப் போர்வை போர்த்துவது மாதிரி.

ஈரம் எங்கிருந்து வருகிறது

மனித உடம்பு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நாமறியாமலே ஒரு நாளைக்கு சுமார் 800 மில்லி நீரை இழக்கிறது. எட்டு மணி நேரத் தூக்கத்தில் ஒருவருக்குக் கால் லிட்டருக்கு மேல், இருவருக்கு அரை லிட்டருக்கு மேல். சிறிய அறையில் அது போக இடமில்லை. சமையல் அடுப்பும் சேர்ந்துகொள்ளும்: ஒரு பவுண்டு புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை பவுண்டுக்கு மேல் நீராவி உண்டாகும். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்தாலும் இதே கணக்குதான். டிரெய்லரோடு வரும் ஃபர்னஸ், அதாவது அறையைச் சூடாக்கும் கருவி, எரிந்த காற்றை வெளியே தள்ளிவிடும், அதனால் அது இந்தக் கணக்கில் வராது.

அறைக்குள் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 12 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் நீராக மாறும். கட்டிலுக்குக் கீழே இருப்பதோ சூடேற்றாத சாமான் அறை. வெளியே 5 டிகிரி என்றால் பலகையும் அதற்குக் கிட்டத்தட்ட அதே குளிரில்தான் இருக்கும். உடம்புச் சூட்டோடு மெத்தை வழியாக இறங்கும் ஈரம் பலகையைத் தொட்டதும் அங்கேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் டாங்க் கட்டிலுக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் இது இன்னும் மோசம்.

பலகையில் துளை போட்டால் போதும் என்று பலர் சொல்வதுண்டு. ஒரு அங்குலத் துளைகளை ஆறு அங்குல இடைவெளியில் போட்டால் இந்தப் பலகைக்குச் சுமார் 99 துளைகள் வரும். அத்தனையும் சேர்ந்தால்கூடப் பலகைப் பரப்பில் இரண்டு சதவீதம் ஆகாது. துளைக்கு நேர் மேலே இருக்கும் இடம் மட்டும் காயும், மற்ற இடமெல்லாம் பலகையோடு ஒட்டியே கிடக்கும். போதாததற்கு, சூடேற்றாத அறையிலிருந்து குளிர் காற்று மெத்தைக்கு ஏறும். கட்டிலுக்குக் கீழ் உள்ள இடம் வண்டியின் உள்ளறையோடு சேர்ந்து, சூடாக இருக்கும் வண்டிகளில் துளைகள் உதவும். வெளிக்கதவு வைத்த சாமான் அறைக்கு மேல் போடக் கூடாது.

இங்கே செய்தது வேறு. மூடியின் அடிப்பக்கத்தில், சட்டங்களுக்கு இடையில், அலுமினியத் தாள் ஒட்டிய ஒரு அங்குலப் பாலிஐசோ பலகையை, அதாவது குளிரைத் தடுக்கும் கெட்டி ஃபோம் பலகையை, வெட்டிப் பொருத்தி, விளிம்புகளை அலுமினிய டேப்பால் அடைத்தோம். பலகையின் மேற்பரப்பு குளிராமல் இருக்க இது. மேலே, முறுக்கிய பிளாஸ்டிக் இழையால் ஆன முக்கால் அங்குல வலை விரிப்பு. இது படகுகளின் மெத்தைக்கு அடியில் போடுவதற்காக வந்த பொருள். கையால் அழுத்தினால் கரகரக்கும், ஆனால் நசுங்காது. இழைகளுக்கு நடுவே காற்று எந்தப் பக்கமும் போகலாம். இதன் ஒரு பக்கத்தில் மெல்லிய துணி ஒட்டியிருக்கும், அந்தப் பக்கம் மெத்தையைப் பார்க்க வேண்டும். தவறிக் கீழ்ப்பக்கம் வைத்தால் இழைகள் உறையில் பதிந்து சொரசொரக்கும். விளிம்பை மூடித் தைக்காதீர்கள், பெட்ஷீட்டை அதன் அடியில் செருகாதீர்கள். நான்கு ஓரமும் திறந்திருந்தால்தான் காற்று நடமாடும். ஜெர்மன் ஃப்ரோலி பிளாஸ்டிக் ஸ்பிரிங் தட்டுகளும் காற்றுக்கு நல்லவை, மேலும் ஸ்பிரிங் குணமும் தரும். ஆனால் உயரத்தைத் தின்றுவிடும், இங்கே இடமில்லை.

அளவு: பெயரை நம்பாதீர்கள்

வீட்டுக் குயீன் 60க்கு 80 அங்குலம். ஆர்வி உலகில் குயீன் என்று எழுதியிருந்தால் 60க்கு 80 ஆகவும் இருக்கலாம், 60க்கு 75 ஆகவும் இருக்கலாம், 60க்கு 74 ஆகவும் இருக்கலாம். குட்டை குயீன் என்று விற்பது கடைசி இரண்டில் ஒன்று. கிங் என்றால் 72க்கு 80 அல்லது 72க்கு 75, வீட்டுக் கிங்கின் 76 அங்குல அகலம் கிடையாது. முக்கால் கட்டில் 48க்கு 75. பங்க் படுக்கை 28 அங்குலத்திலிருந்து தொடங்கும். பழைய மெத்தையை அளப்பதும் சரியல்ல, அது ஓரங்களில் பிதுங்கி ஒரு அங்குலம் வரை பொய் சொல்லும். பலகையை அளக்க வேண்டும். தலைமாடு, நடு, கால்மாடு மூன்று இடத்தில் அகலம். இடது, நடு, வலது மூன்று இடத்தில் நீளம். இந்த ஆறு எண்களில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் சுவர் இருந்தால் அதிலும் அரை அங்குலம் குறைத்தால்தான் பெட்ஷீட் செருகக் கை நுழையும்.

மூலை வளைவுக்கு ஒரு சுலப வழி. இரண்டு நேர்கோல்களைப் பலகையின் இரண்டு பக்கத்தோடும் ஒட்டி வைத்து, அவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தைக் குறியுங்கள். வளைவு இல்லையென்றால் மூலை இருந்திருக்கும் இடம் அது. அங்கிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை உள்ள தூரமே ஆரம். சரிதானா என்று பார்க்க, அந்த மூலைப் புள்ளியிலிருந்து 45 டிகிரியில் வளைவு வரை அளந்தால், ஆரத்தின் 0.414 மடங்கு வர வேண்டும். இங்கே ஆரம் 12 அங்குலம், குறுக்கே கிட்டத்தட்ட 5 அங்குலம், சரியாக இருந்தது. பொருந்தவில்லையென்றால் அது வட்ட வளைவு அல்ல. அப்போது கனமான பழுப்புத் தாளைப் பலகையில் விரித்து, கீழிருந்து பென்சிலால் வரைந்து, தாளையே அச்சாக வெட்டிக்கொள்வது நல்லது. இரண்டு மூலைக்கும் தனித்தனித் தாள். இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

உயரம்தான் பலரும் மறப்பது. ஸ்லைடு அவுட், அதாவது நிறுத்தியபின் வெளியே நீட்டிக்கொள்ளும் அறைப் பகுதி, இருந்தால் அதை உள்ளே இழுத்துவிட்டு, மெத்தை எந்த அலமாரிக்கு அடியில் போகிறது, எந்த விளிம்பில் உரசுகிறது என்று பாருங்கள். ஸ்லைடு உள்ளே வரும்போது மடிந்து எழும் கட்டில்களில் மெத்தையும் சேர்ந்து மடிய வேண்டும், அவற்றுக்கு ஆறேழு அங்குல ஃபோம்தான் சரி. இங்கே ஸ்லைடு இல்லை. ஆனால் தலைமாட்டில் தொங்கும் அலமாரிக்கும் பலகைக்கும் 34 அங்குலம். படுக்கையிலிருந்து எழும்போது தலை இடிக்காமலிருக்க மெத்தை, வலை எல்லாம் சேர்ந்து 9 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். படுக்கையறை ஜன்னல்களில் சிவப்புக் கைப்பிடி வைத்தது தீவிபத்தில் வெளியேறும் வழி. மெத்தை அதை மறைக்கக் கூடாது. கட்டிலின் பக்கவாட்டில் கேஸ் கசிவு கண்டறியும் கருவியோ ஃபர்னஸுக்குக் காற்று போகும் கிரில்லோ இருக்கும் வண்டிகள் உண்டு. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், அதனால்தான் கருவியைத் தாழ்வாக வைக்கிறார்கள். தொங்கும் விரிப்பு அதை மூடிவிட்டால் கருவி இருந்தும் பயனில்லை.

எந்த மெத்தை

கம்பிச் சுருள் மெத்தையை வெட்ட முடியாது, மூலை வளைவுள்ள கட்டிலுக்கு ஆர்டர் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். பாக்கெட் ஸ்பிரிங்கும் ஃபோமும் கலந்தது படுக்க நன்றாக இருக்கும், காற்றும் போகும், ஆனால் கனம். 26 அங்குல வாசலில் வளைத்து நுழைப்பது பெரும்பாடு. பெட்டியில் சுருட்டி வரும் வகை என்றால் உள்ளே கொண்டுபோய் விரிக்கலாம், ஒரு தரம் விரிந்தபின் மறுபடி வெளியே எடுப்பது நடக்காது.

மெமரி ஃபோமுக்கு ஒரு குணம்: குளிரில் விறைக்கும். வீட்டில் அது தெரியாது. டிரெய்லரை மலையில் நிறுத்தி, ஹீட்டர் போடாமல் இரவு எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தால் பலகை மாதிரி இருக்கும், உடம்புச் சூடு ஏறியபின்தான் இளகும். ஆண்டு முழுக்க வண்டியிலேயே வாழ்பவர்களுக்கு இது பெரிதல்ல. வார இறுதிக்கு மட்டும் போகிறவர்களுக்கு ஒத்துவராது.

காற்றுப் படுக்கைகள் மலை ஏறும்போது தொல்லை. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. கொலராடோவில் 11,000 அடிக்கு மேலே இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதையில் அது சுமார் 9.7. அடைத்த காற்று அதற்கேற்ப விரியப் பார்க்கும். ஏறுவதற்கு முன் காற்றை இறக்காவிட்டால் தையல் பிரியும்.

மீதி இருப்பது ஹெச்ஆர் ஃபோமும் (அமுக்கினால் நன்றாக எழும்பும் உயர் ரக ஃபோம்) லேடெக்ஸும் (ரப்பர் பாலில் செய்த ஃபோம்). லேடெக்ஸ் குளிரிலும் வெயிலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அமுக்கிய இடம் உடனே மேலே வரும், நீண்ட நாள் உழைக்கும். முழு மெத்தையும் லேடெக்ஸ் என்றால் கனம்தான் பிரச்சினை. 60க்கு 74 அளவில் 8 அங்குலம் என்றால் 20.5 கன அடி. கன அடிக்கு நாலரை பவுண்டு என்று வைத்தாலும் 92 பவுண்டு. கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் பாலும் இலங்கை ரப்பர் பாலும் இந்த மெத்தையாகித்தான் கப்பலேறுகிறது. ஆனால் நம் ஊரில் இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் காயப்போடுவதுபோல இதைச் செய்யக் கூடாது. நேர் வெயில் பட்டால் லேடெக்ஸ் மஞ்சளித்து, மேற்பரப்பு பொரபொரத்து உதிரும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஆகவே முடிவு செய்தது அடுக்கு மெத்தை: அடியில் 5 அங்குல ஹெச்ஆர் ஃபோம், மேலே 2 அங்குல லேடெக்ஸ், ஸிப் வைத்த கம்பளி உறை. ஒரே கட்டியாக வாங்காமல் அடுக்காக வாங்குவதன் லாபம் மூன்று: வாசலில் தனித்தனியாக நுழையும், வீட்டுக் கத்தியால் வெட்ட வரும், ஐந்து வருடம் கழித்து மேலடுக்கு மட்டும் களைத்தால் அதை மட்டும் மாற்றலாம்.

ஃபோம் வாங்கும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று அடர்த்தி, கன அடிக்கு எத்தனை பவுண்டு. அது உழைப்பைச் சொல்லும். இரண்டாவது ஐஎல்டி, அது கெட்டித்தன்மையைச் சொல்லும்: 8 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டை 4 அங்குல ஃபோமில் கால் பங்கு, அதாவது ஒரு அங்குலம், அமுக்க எத்தனை பவுண்டு வேண்டுமோ அந்த எண். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு. கெட்டியான ஃபோம் எல்லாம் நல்ல ஃபோம் அல்ல. அடர்த்தி 1.5 இருக்கும் மலிவு ஃபோமும் கடையில் கெட்டியாக இருக்கும், ஒரே வருடத்தில் பள்ளம் விழும். அடித்தளத்துக்கு 1.8க்குக் கீழே போகக் கூடாது, ஹெச்ஆர் என்றால் 2.5 வேண்டும். கடைக்காரர் சொல்வதைச் சோதிக்க, 12க்கு 12 அங்குலம், ஒரு அங்குலத் தடிமனில் ஒரு துண்டு வாங்கிச் சமையல் தராசில் வையுங்கள். அடர்த்தி 2.5 என்றால் சுமார் 94 கிராம். 1.8 என்றால் 68. 57 கிராம் காட்டினால் அது 1.5தான், துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இருவரின் எடையும் படுக்கும் விதமும் வேறு வேறு. அதனால் அடித்தள ஃபோமை 30க்கு 74 அளவில் இரண்டு பாகமாக எடுத்தோம். ஒருக்களித்துப் படுப்பவர் பக்கம் ஐஎல்டி 28, மல்லாந்து படுப்பவர் பக்கம் 36. மேலே லேடெக்ஸ் 60 அங்குல அகலத்துக்கு ஒரே துண்டு, ஐஎல்டி 20. நடுவில் உள்ள பிரிவு அதன் அடியில் மறைந்துவிடும், முதுகுக்குத் தெரியாது. லேடெக்ஸையும் பிரித்தால் பிரிவில் கை போய் மாட்டும். குப்புறப் படுப்பவராக இருந்தால் மேலடுக்கு ஒரு அங்குலமே போதும், இரண்டு அங்குலம் போட்டால் வயிறு அமிழ்ந்து இடுப்பு வலிக்கும்.

பழைய மெத்தை தட்டையாக இருந்து, கெட்டியாக மட்டும் இருந்தால் இத்தனை வேலை தேவையில்லை. அதன் மேல் 2 அங்குல லேடெக்ஸ் டாப்பர், அதாவது மேல்விரிப்பு, போட்டால் போதும். நூல் கட்டிப் பார்த்து ஒரு அங்குலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால் டாப்பர் வீண், பள்ளத்தின் வடிவத்தை அதுவும் எடுத்துக்கொள்ளும்.

மலிவாகப் பெட்டியில் வரும் மெத்தைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 2007 ஜூலை 1 முதல் மெத்தைகள் திறந்த தீச்சுடர் சோதனையில் தேற வேண்டும். அதற்காகச் சில மெத்தைகளின் வெளியுறைக்கு உள்ளே கண்ணாடி இழையால் ஆன உள்ளுறை இருக்கும். வெளியுறையில் ஸிப் இருக்கிறதே என்று கழற்றித் துவைத்தாலோ மூலையை வெட்டினாலோ அந்த இழைத் தூள் பறக்கும், சிறிய டிரெய்லருக்குள் அதைத் துடைத்து எடுக்கவே முடியாது. உறையில் தைத்திருக்கும் லேபிளில் கண்ணாடி இழை என்று இருந்தால் வெட்டாதீர்கள். நாமாக அடுக்கிச் செய்யும் மெத்தைக்கு கம்பளிப் பஞ்சு வைத்துத் தைத்த உறையை எடுத்ததும் தீயை நினைத்துத்தான். கம்பளி எளிதில் பற்றாது. சிக்கனம் பார்த்து இதை விட்டுவிட வேண்டாம்.

வெட்டுதல்

ஃபோமை வீட்டுக்குள் 20 டிகிரிக்கு மேல் சூட்டில் இரண்டு நாள் விரித்து வைக்க வேண்டும். சுருட்டி வந்தது முழு அளவுக்கு விரியாமல் வெட்டினால் அளவு தவறும். புது ஃபோமின் வாடையும் வீட்டிலேயே போகட்டும், டிரெய்லரின் சிறிய அறைக்குள் அதை அடைத்துவைத்தால் தலைவலிதான்.

இறைச்சி அரியும் மின்சாரக் கத்தி, அதாவது இரண்டு அலகு எதிரெதிராக ஓடுவது, இந்த வேலைக்கு மிகச் சரி. இல்லையென்றால் நீளமான ரொட்டிக் கத்தி. வளைவை மேல்பக்கத்தில் மட்டுமின்றி அடிப்பக்கத்திலும் மார்க்கரால் வரைய வேண்டும். ஒருவர் வெட்ட, இன்னொருவர் கீழே குனிந்து கத்தியின் நுனி அடிக்கோட்டில் வருகிறதா என்று சொல்ல வேண்டும். கத்தியை அழுத்தக் கூடாது, அதுவாகப் போகவிட வேண்டும். அழுத்தினால் ஃபோம் நசுங்கி, வெட்டியபின் எழும்போது விளிம்பு உள்வளைந்து நிற்கும். பலகையின் அளவைவிட இரண்டு நூல் பெரிதாக வெட்டினால் உறை மொழுக்கென்று நிரம்பும்.

முதல் மூலையில் தப்பு நடந்தது. 5 அங்குலத் தடிமனில் கத்தி சாய்ந்து, அடியில் மூன்று நூல் உள்ளே போய்விட்டது. நின்றுகொண்டு வெட்டும்போது மணிக்கட்டு உடம்பை நோக்கித் திரும்பியதால் வந்த சாய்வு. வெட்டிய துணுக்கிலிருந்தே ஒரு ஆப்பு மாதிரி சீவி, ஃபோமுக்கான தண்ணீர்ப் பசையால் ஒட்டியதும் சரியானது. அடுத்த மூலைக்கு மெத்தையை மேசை விளிம்புக்கு இழுத்து, ஒரு மூலைமட்டத்தைக் கத்திக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து வெட்டியதில் நேராக வந்தது. அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டாம். உறை பிடித்துக்கொள்ளும், ஒட்டினால் பின்னால் மாற்ற முடியாது.

உறை தைக்கக் கொடுத்தபோது இன்னொரு பாடம். 7 அங்குல அடுக்குக்கு 7 அங்குல உறை கேட்டோம். மேல்துணி நீட்சியில்லாத பருத்தி. போட்டதும் முரசின் தோல்போல் இறுகி, லேடெக்ஸின் மென்மையே தெரியவில்லை. ஐஎல்டி 20 வாங்கியும் கெட்டியாகவே படுகிறது என்று குறைபடுவோர் முதலில் உறையைத் திறந்துவிட்டு ஒரு இரவு படுத்துப் பார்க்கட்டும். நீட்சியுள்ள பின்னல் துணியில், உயரத்தில் அரை அங்குலம் விட்டுத் தைத்ததும் இதமாகிவிட்டது.

எடையும் மூடியும்

புதிய மெத்தை: ஹெச்ஆர் 12.85 கன அடி, 32 பவுண்டு. லேடெக்ஸ் 5.1 கன அடி, சுமார் 20. உறை 10. மொத்தம் 62. வலை விரிப்பு 6. மூடி 34 பவுண்டிலிருந்து சட்டமும் பாலிஐசோவும் சேர்ந்து 43 ஆகிவிட்டது. ஆக, முன்பு மூடியும் பழைய 35 பவுண்டு மெத்தையும் சேர்ந்து 69 பவுண்டாக இருந்தது, இப்போது 111. ஏறக்குறைய 1.6 மடங்கு. எடை பலகை முழுக்கப் பரவியிருப்பதால், கால்மாட்டில் பிடித்துத் தூக்கும்போது கூடிய எடையில் பாதி கையில் விழும்: 21 பவுண்டு.

ஸ்ட்ரட்டின் விசை அதன் குழாயிலேயே பவுண்டிலோ நியூட்டனிலோ அச்சிட்டிருக்கும். ஒரு பவுண்டுக்கு 4.45 நியூட்டன். பழையது 100 பவுண்டு, அந்த எடைக்குச் சரியாக இருந்தது. 1.6 மடங்கு என்றால் 160. கிடைப்பது 150ம் 180ம். இங்கே 150ஐ எடுத்தோம். 180 போட்டால் வெயில் காலத்தில் மூடி தானே எழும்ப வாய்ப்புண்டு, ஓடும் வண்டியில் அது ஆபத்து. 150ல் குறையும் விசைக்குக் கையில் மூன்று நான்கு பவுண்டுதான் கூடும். குளிரில் ஸ்ட்ரட்டுக்குள் உள்ள வாயுவின் அழுத்தம் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 5க்கு இறங்கினால் எட்டரை சதவீதம் போய்விடும், அப்போது கையில் சுமார் எட்டு பவுண்டு. கோடையில் சோதித்துத் திருப்திப்பட்ட மூடி டிசம்பரில் தலையில் விழுவது இதனால்தான். மூடியின் உள்பக்கம் 30 அங்குலத் தாங்குகோல் ஒன்றைக் கீல் வைத்து மாட்டியிருக்கிறோம். அதை ஊன்றாமல் உள்ளே தலையை நீட்டக் கூடாது.

புது ஸ்ட்ரட்டின் நீளமும் ஓட்டமும் நுனிக் குமிழும் பழையதைப்போலவே இருக்க வேண்டும். பிடிமானத் தகட்டை மரத்தில் ஸ்க்ரூ போட்டு வைத்திருப்பார்கள். விசை கூடினால் அது பிய்த்துக்கொண்டு வரும். ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, ஊடுருவிப் போகும் கால் அங்குல போல்ட்டும் பின்னால் இரும்புப் பட்டையும் போட்டோம். முன்பக்கக் கட்டிலில் கூடும் எடை பெரும்பாலும் இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியில்தான் இறங்கும். வாசலுக்கு அருகில் ஒட்டியிருக்கும் மஞ்சள் லேபிளில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று இருக்கும், இந்த 42 பவுண்டை அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய பிறகு

வலை விரிப்பின் மேல் மெத்தை ஓட்டத்தில் நகர்கிறது. அலமாரித் தட்டில் போடும் கண்ணறை ரப்பர் விரிப்பை நான்கு அங்குலப் பட்டைகளாக வெட்டி, குறுக்கே மூன்று இடத்தில் மட்டும் போட்டதும் நின்றது. முழுக்க விரித்தால் காற்றோட்டம் கெடும். பெட்ஷீட் 60க்கு 80 வாங்கினால் ஆறு அங்குலம் மிச்சம் கால்மாட்டில் சுருண்டு கிடக்கும். வளைந்த மூலைக்குத் தாள் அச்சை வைத்து ஷீட்டை வெட்டி, எலாஸ்டிக்கை மறுபடி தைத்துக்கொள்வது அரை மணி நேர வேலை.

பழைய மெத்தையைக் கலிஃபோர்னியா, கனெக்டிகட், ரோட் ஐலண்ட், ஓரிகன் மாநிலங்களில் மறுசுழற்சி மையங்கள் இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. மற்ற இடங்களில் ஊர்க் குப்பை நிலையத்தில் கேட்க வேண்டும். வாசலில் நுழையாவிட்டால் துணியைக் கிழித்து, ஓரக் கம்பியைப் போல்ட் கட்டரால் நான்கு இடத்தில் வெட்டினால் மடங்கிவிடும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது மெத்தையைத் தட்டையாக விட்டுவிடாதீர்கள். ஸிப்பைத் திறந்து லேடெக்ஸை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், 20 பவுண்டுதான். ஹெச்ஆர் பாகங்களைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். எலிக்கு மெத்தை நல்ல கூடு. அதனால் சாமான் அறைக்குள் வரும் குழாய், வயர் துளைகளை இரும்புக் கம்பளி வைத்து அடைத்துவிட வேண்டும்.

முதல் குளிர் இரவுக்குப் பிறகு காலையில் கால்மாட்டைத் தூக்கி, வலைக்கும் பலகைக்கும் நடுவே புறங்கையை முழங்கை வரை நுழைத்துப் பாருங்கள். இந்த வேலையில் பலகை உலர்ந்து, அறைச் சூட்டிலேயே இருந்தது. நடுவில் சில்லென்றோ பிசுபிசுப்பாகவோ பட்டால் டேப் விட்ட இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் கீல் பக்கத்தில்தான் விட்டிருக்கும்.